தையல்காரரின் வலது கை

மார்ச் 3

தம்பிக்கு,

போனை நீ எடுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் வாங்கித்தானே ஆகவேண்டும், அதனால் எழுதுகிறேன். உன் அண்ணன், "வாட்ஸ்அப்புல அனுப்பேன், எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார். நீல டிக் விழுந்தும் பதில் வராமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

நேற்று உங்கள் கம்பெனிக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய்: "கருவியில ஒரு குறையும் இல்ல. டாக்டருக்குக் கை நடுங்கியிருக்கும்." அண்ணி என்று சொல்லவில்லை, டாக்டர் என்றாய். அது நியாயம்தான், அது வீடு இல்லையே. ஆனால் நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த வீட்டுக்கு வந்தவள் நான். சைக்கிளில் விழுந்து நீ கிழித்துக்கொண்டு வந்த முழங்காலுக்குத் தையல் போட்டது இந்தக் கைதான். அப்போது நடுங்கியதாக நீ புகார் சொன்னதில்லை.

சரி, கோபத்தை ஒரு பக்கம் வைக்கிறேன். ஜனவரியில் நடந்ததை நீ திரையில் பார்த்தாய், நான் விரலில் உணர்ந்தேன். இரண்டும் ஒன்றில்லை.

மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், உங்கள் கம்பெனியின் பழைய வலையை வைத்துத்தான் பல வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொடையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயைத் தலைவரை ஏற்றி, ரத்தக்கட்டிக்குள் வலையை விரித்து, கவ்வியதும் பின்னால் இழுப்போம். ஓரத்தில் இருக்கும் நூல் போன்ற ரத்தக்குழாய்களுக்கு அந்த வலை பெரிது. அதற்காக நீ செய்த குட்டி வலைதான் பொடியன். (கம்பெனி அவனுக்கு வைத்திருக்கும் பெயர் என் வாயில் நுழையாது.) முதல் இரண்டு நோயாளிகளுக்கு அழகாக வேலை செய்தான். நான் போன் செய்து சொன்னபோது நீ அழுதாய். சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தாய்.

மூன்றாவது ஆள், தையல்காரர். வலது கையை ஆட்டுவிக்கும் பகுதிக்குப் போகும் சின்னக் கிளையில் அடைப்பு. வலை விரிந்தது, கவ்வியது. இழுத்தேன். வளைந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் திரையில் நிமிர ஆரம்பித்தது. கட்டி வரவில்லை, ரத்தக்குழாயே வலையோடு கூட வந்தது. இன்னும் இழுக்கலாமா என்று ஒரு மூச்சு யோசித்தேன். பிறகு வலையை மடக்கி வெளியே எடுத்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார். வலது கை திரும்பவில்லை.

அடுத்த மாதம் பொடியனை மின்னலிடம் கொடுக்கப்போகிறீர்களாம். அந்த வேகக்கை டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர்தான் உனக்கும் தெரியுமே. வேண்டாம் தம்பி. குழாய் ஏன் கூட வந்தது என்று தெரியும்வரை யாரிடமும் கொடுக்காதே. மின்னல் நல்ல டாக்டர், ஆனால் அவருக்கு நிறுத்திப் பழக்கமில்லை.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே இருக்கும் மைக்கறை அதுதான்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. சாப்பிடுகிறேன். இந்த இரண்டையும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், தினமும் காலையில் "சும்மாதான் கூப்பிட்டேன்டா" என்று ஆரம்பிக்கிறார்.

பொடியனை நாங்கள் எப்படிச் சோதித்தோம் என்று உங்களுக்குத் தெரியும். இறைச்சிக் கூடத்திலிருந்து ரத்தம் வாங்கி வந்து, கெட்டியானது, கொழகொழப்பானது, ரப்பர் மாதிரி இழுபடுவது என்று வகைவகையாகக் கட்டி தயாரித்தோம். அலுவலக ஃப்ரிட்ஜில் டிபன் டப்பாவில் வைத்து, 'தயவுசெய்து திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியும், கணக்குப் பிரிவுக்காரர் திறந்து பார்த்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். என் மேசைமேல் இருக்கும் ரத்தக்குழாய் மாடலுக்குள் அடைத்து வைத்த அந்தக் கட்டிகளை எல்லாம் பொடியன் இழுத்து வந்தான். ஒரு தடவைகூட ரத்தக்குழாய் கூட வந்ததில்லை. உங்கள் கையில் மட்டும் வந்தது என்றால் நான் என்ன நினைக்கட்டும்?

ஒரு மூச்சு யோசித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூச்சில்தான் அந்த மனிதரின் கை போனது. கட்டி கவ்வப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் வந்திருக்கும். பயந்துவிட்டீர்கள் என்று சொன்னால் நானே ஆறுதல் சொல்லியிருப்பேன். குறை கருவியில் என்கிறீர்கள், அதுதான் தாங்கவில்லை.

'சின்னக் குழாய்தானே, மருந்து பார்த்துக்கும்' என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பும் ஆட்களை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். பேச்சு போன வாத்தியார். பேனா பிடிக்க முடியாத ஓவர்சியர். அடைப்பு சின்னது என்பது படம் பார்ப்பவருக்குத்தான் என்று நீங்கள் சொன்ன அன்று ஆரம்பித்தது இந்த வேலை. எங்கள் பின்னல்காரம்மா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி ஒரு வாரம் உட்கார்ந்தால் ஒரு பொடியன் பிறக்கிறான். ஏப்ரலில் மறுபடி தொடங்காவிட்டால் மேலாளர் இந்தக் குழுவைக் கலைத்துவிடுவார்.

மின்னல் நாள் குறித்துவிட்டார். நான் நிறுத்தப்போவதில்லை.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரு மில்லிமீட்டருக்காகச் சண்டை போடறீங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறது, அவ்வளவு இடத்துல?" என்றார். நான் சிரிக்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

அந்த மூச்சில்தான் கை போனது என்று எழுதியிருக்கிறாய். வலித்தது. நீ எழுதுவதற்கு முன்பே நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது, அதனால் இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை தையல்காரர் வந்திருந்தார். கூட மகள். எப்போதும் போல் என் கோட்டின் தையலை ஒரு பார்வை பார்த்தார். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் உள்ளே சுருள ஆரம்பித்துவிட்டன. "கட்டியை முழுசா எடுக்க முடியலன்னு சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டார். உன் வார்த்தை, அப்படியே. நீயும் அவரும் பார்த்ததுகூட இல்லை. "தெரியல" என்றேன். அவர் தலையாட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டத்துக்குப் பிறகு இரண்டு கேஸ் செய்தேன், இரண்டும் பழைய வலை, பெரிய குழாய். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவை. இழுக்கும்போது உன் குரல் கேட்கிறது. கை நடுங்கவில்லை, ஆனால் நடுங்குகிறதா என்று நான் பார்க்கிறேன். அது அதைவிட மோசம். இப்படியே போனால் ஒருநாள் இழுக்கும்போதே தப்பு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்குமட்டும் பதில் எழுது. உன் மேசைமேல் சோதனைக்கு ஒரு மாடல் இருக்கிறதே, அதில் ரத்தக்குழாய் அசையுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், மூளையின் மேல் அது சும்மா கிடக்கிறது. எதிலும் பதித்து வைக்கவில்லை. மயிரிழை போன்ற கிளைகள்தான் அதை அங்கங்கே பிடித்திருக்கின்றன. உள்பாவாடை நாடாவை வேகமாக உருவினால் நாடா வருவதற்குள் துணி சுருங்கிக் கூடவே வருமே, அந்த மாதிரிதான் அன்றைக்கு என் விரலுக்குத் தெரிந்தது. துணி சுருங்கினால் பரவாயில்லை. இங்கே அந்தக் கிளைகளில் ஒன்று அறுந்தால் ரத்தம் கொட்டும், அதை நிறுத்த என்னிடம் எதுவும் இல்லை.

அண்ணி


மார்ச் 23

அண்ணிக்கு,

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு, "இது என்ன கேள்வி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னல்காரம்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அசையாது. எப்படி அசையும்? செங்கல் அளவுக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான சிலிகோன் கட்டி, அதற்குள் ரத்தக்குழாய் வடிவத்தில் துளைகள். அதை மேசையோடு நாலு மூலையிலும் திருகி வைத்திருக்கிறோம், சோதிக்கும்போது ஆடக்கூடாது என்று. எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் திருகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சிலிகோன் வலையைப் பிடித்துக்கொள்ளும், உண்மையான குழாயைவிட அதிகமாக. அதனால் உள்ளே ஓடும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுவது வழக்கம். இது திருட்டுத்தனம் இல்லை, தேவையானது. ஆனால் எங்களிடம் பொடியன்கள் குறைவு. ஒரு வாரம் பின்னியதைச் சோதனையில் தேய்த்துப் பாழாக்க மனம் வரவில்லை. வலை தேயாமல் இருக்கட்டும் என்று நான் சோப்பைக் கொஞ்சம் கூட விட்டேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். யாரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. நேற்றுதான் அளந்தேன். எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பொடியன் என்ன, பூட்டுச் சாவியைக் கட்டி இழுத்திருந்தாலும் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும்.

இதனால் நீங்கள் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. தையல்காரரின் படம் எங்களிடம் இருக்கிறது. அதே வளைவில், மெல்லிய சுவரோடு குழாய் வார்த்து, கட்டிக்குள் பதிக்காமல் ஜெல்லியில் மிதக்கவிட்டு, கிளைகளும் ஒட்டி, சோப்பை அளந்து விட்டு, இழுத்துப் பார்க்கப்போகிறேன். உங்கள் வாயை அடைப்பதற்காகத்தான். வேறெதற்கும் இல்லை.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள அண்ணி,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

நீங்கள் இழுத்த வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, நீங்கள் நிறுத்திய இடம் வரைக்கும் அதே வேகத்தில் இழுத்தேன். மாடல் குழாய் வளைவு விட்டு நேரானது, திரையில் பார்த்தோமே, அச்சு அசலாக அதே மாதிரி. சரி, இங்கேதான் நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தில் நான் வாய்கூசாமல் சொன்னேனே 'இன்னும் கொஞ்சம்', அந்தக் கொஞ்சத்தை இழுத்தேன். ஓர் அரிசி நீளம்கூட இருக்காது. பக்கத்துக் கிளை வேரோடு பிய்ந்தது. உள்ளே ஓடவிட்டிருந்த சிவப்புச் சாயம் ஜெல்லி முழுக்கப் பரவியது.

பின்னல்காரம்மா, "ஐயோ" என்றார்.

மறுபடி மறுபடி வார்த்து இழுத்தோம். எல்லாத் தடவையும் பிய்யவில்லை. சில தடவை கட்டி சமர்த்தாக வந்தது, உங்கள் முதல் இரண்டு நோயாளிகள் அந்த அதிர்ஷ்டசாலிகள். பிய்ந்த தடவைகள்தான் அதிகம். பொடியன் குழாயின் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறான், சின்னக் குழாய்க்கு அது தாங்காது. கட்டியைப் பிடிக்கும்போதே குழாயையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறான். அவனை அப்படிச் செய்தவன் நான்.

கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால், இதை எழுத உட்காரும் முன்பே மின்னலுக்குப் போன் செய்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நானா இருந்தா இழுத்திருப்பேன் தம்பி" என்றார். போனை வைத்துவிட்டார். அடுத்து மேலாளர். "எல்லாரும் இப்படித்தானே டெஸ்ட் பண்றாங்க? நமக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டார். ஜெல்லியைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன். அதற்குமேல் கேட்கவில்லை. குழுவைக் கலைத்தாகிவிட்டது. என்னைப் பழைய வலையின் பேக்கிங் சோதனைக்கு மாற்றியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியைக் கீழே போட்டு உடைகிறதா என்று பார்க்கும் வேலை. பின்னல்காரம்மா என்னோடு பேசுவதில்லை. கண் எரிய எரியப் பின்னியதை எல்லாம் அவர் கண் முன்னாலேயே வீண் என்று காட்டினேன், எப்படிப் பேசுவார்?

கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் தனியாக எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கை நடுங்கவில்லை அண்ணி. அன்று அந்த அறையில் சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான். அதைக் குற்றம் சொன்ன வாய் என்னுடையது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். உன் அண்ணன் பயந்துபோய், "என்னம்மா, மறுபடியும் திட்டிட்டானா?" என்று கேட்டார். இல்லை, மன்னிப்புக் கேட்டிருக்கிறான் என்றேன். "அதுக்கு எதுக்கு அழணும்?" என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. மன்னிப்பதாவது மண்ணாங்கட்டியாவது. எனக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே நீ அந்த வீட்டில் இருந்தவன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கேஸ். இழுக்கும்போது உன் குரல் கேட்கவில்லை. வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போதுதான் அது நினைவுக்கே வந்தது.

அன்று சாயங்காலமே தையல்காரரின் கடைக்குப் போனேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே, உடனே சொல்லிவிட வேண்டும் என்று ஓட்டமாக ஓடினேன். மகள் மிஷினில் இருந்தார். தையல்காரர் இடது கையில் சாக்பீஸைப் பிடித்துக் கோடு போடப் பழகிக்கொண்டிருந்தார், கோடு கோணலாகப் போனது. "இன்னும் இழுத்திருந்தா உயிரே போயிருக்கலாம். சோதனை பண்ணிப் பார்த்துட்டாங்க" என்றேன். மிஷின் நின்றது.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "இதை எனக்காகச் சொல்ல வந்தீங்களா, உங்களுக்காகவா டாக்டர்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அளவு எடுக்கும்போது கை எவ்வளவு நீளம் என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். "ரெண்டுக்கும்தான்" என்றேன். "உங்களுக்கு நல்லதுதான். நானும் உயிரோட இருக்கேன், அதுவும் நல்லதுதான். கை போனது போனதுதானே" என்றார். இத்தனை நாள் நீயும் நானும் யார் சரி என்று எழுதிக்கொண்டிருந்தோம் தம்பி. நான்தான் சரி என்று ஆனதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

கிளம்பும்போது, "அந்தக் கருவியைச் செஞ்சவர் இந்தப் பக்கம் வருவாரா?" என்று கேட்டார். நீ யார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கேட்டதை மட்டும் உனக்குச் சொல்கிறேன். எதற்காகக் கூப்பிடுகிறார் என்று தெரியாது. திட்டலாம். திட்டினால் வாங்கிக்கொள்.

சனிக்கிழமை கடை திறந்திருக்கும். நான் வரமாட்டேன். வந்தால் நீ எனக்குப் பின்னால் நின்றுகொள்வாய்.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணி,

போய் வந்தேன்.

வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளே போனதும், பாடம் பண்ணிக்கொண்டு போனதை எல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கிற மாதிரித் தெரியவில்லை, என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெடிமேடா? இடது தோள் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றார். மகளிடம் சொல்லி அங்கேயே இரண்டு குண்டூசி குத்தவைத்தார். குண்டூசியோடு நின்றபடி மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் குழாய் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல் முழித்தேன், நான் எண்ணில்தானே பேசிப் பழகியவன். அவர் நூல் பெட்டிக்குள் இடது கையை விட்டு, கோட்டுப் பொத்தான் தைக்கும் தடித்த நூலை எடுத்துக் காட்டினார். இதைவிட இன்னும் கொஞ்சம் தடிமன் என்றேன். "இத்துணூண்டுக்குள்ள போயா எடுக்கறீங்க!" என்று வாய்விட்டு ஆச்சரியப்பட்டார். முதல் தடவையாக நன்றாகச் சிரித்தார். "சரியா செய்யுங்க அதை. செஞ்சா என்னை மாதிரி இன்னொருத்தனுக்காவது ஆகும்." பெட்டி உடைக்கும் வேலையில் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சுவரை அழுத்தாமல் கட்டியை மட்டும் பிடிக்க ஒரு வழி தோன்றியிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்தேன். நீங்கள் பார்த்துத் திட்டினால்தான் மேலாளரிடம் கொண்டுபோவேன்.

கிளம்ப எழுந்தபோது அவர் உட்காரச் சொன்னார். கைக்குப் பயிற்சி செய்யும் நேரமாம். தினமும் மகள்தான் செய்வாராம், அன்று மிஷினில் அவசர வேலை. "நீங்க பண்ணுங்க" என்று வலது கையைத் தூக்கி என் முழங்காலில் வைத்தார். கனமாக இருந்தது, சூடாக இருந்தது அண்ணி. இந்தக் கைக்காக எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன், ஒருநாளும் தொட்டதில்லை. சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார்.

"மெதுவா இழுங்க. எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன்" என்றார்.

சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தேன். முதலில் வரவே இல்லை. பிறகு விரலோடு மணிக்கட்டும் சேர்ந்து வந்தது. மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன். விரல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. முழுக்க நிமிர இன்னும் ஒரு நெல் அளவுதான் பாக்கி, வந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"போதும்" என்றார்.

நிறுத்தினேன்.

தம்பி